எல்லாம் இருக்கிறது, பிடிப்புதான் இல்லை: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். எழுதியவர்களின் வயது வேறு, வேலை வேறு. ஆனால் எல்லோரும் சுற்றி வந்து நிற்கும் இடம் 'வாழ்க்கையில் ஒரு பிடிப்பு இல்லை' என்பதுதான். எனவே குடும்பச் சண்டைகளையும் அலுவலகச் சண்டைகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மனநலப் பிரிவில் ஆலோசகராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். தத்துவம் பேச வராது. எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் "நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்தீர்கள்?" என்று கேட்கத் தெரியும். பதில்களும் அந்தப் போக்கில்தான் இருக்கும்.

கேள்வி: அம்மா, எனக்கு 38 வயது. நினைத்த படிப்பு, நினைத்த வேலை, பிடித்தவரோடு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். போன வருடம் பெரிய பதவி உயர்வும் வந்தது. அன்று எல்லோரும் கை குலுக்கினார்கள். எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. அன்றிலிருந்து எழுந்தவுடன் 'இதெல்லாம் எதற்கு?' என்ற கேள்விதான். வேலை நாட்களில் எப்படியோ ஓட்டிவிடுகிறேன். விடுமுறை நாள் மதியம் வந்தால் நெஞ்சை ஏதோ அடைக்கிறது. யாரிடமாவது சொன்னால் "உனக்கென்ன குறைச்சல்?" என்கிறார்கள். நான் நன்றி கெட்டவனா?

பதில்: இல்லை. "உனக்கென்ன குறைச்சல்" என்று கேட்பவர்களுக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கேள்வி எதிராளியின் வாயை அடைத்ததைத் தவிர வேறெதுவும் சாதித்து நான் பார்த்ததில்லை.

உங்களுக்கு நேர்ந்தது பிரிட்டிஷ் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு 20 வயதிலேயே நேர்ந்தது. மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன் என்று அப்பா உட்கார வைத்துப் படிக்க வைத்த பிள்ளை அவர். உலகத்தைச் சீர்திருத்துவதே தன் வேலை என்று நம்பி வளர்ந்தார். 1826-ஆம் ஆண்டு ஒரு நாள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார்: நான் ஆசைப்படும் மாற்றங்களெல்லாம் இந்த நொடியே நடந்துவிட்டால் எனக்குப் பெரிய சந்தோஷமாக இருக்குமா? இருக்காது என்று உள்ளிருந்து பதில் வந்தது. அத்தோடு மனிதர் இடிந்துவிட்டார். வெளியில் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் பழக்கத்தின் வேகத்தில் எல்லா வேலைகளையும் செய்துகொண்டுதான் இருந்தார். நீங்கள் 'ஓட்டிவிடுகிறேன்' என்று எழுதியிருப்பது அதைத்தான்.

பல மாதங்கள் கழித்து, மார்மொன்தெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். அப்பா இறந்துபோன வீட்டில், சிறுவனாக இருக்கும் மார்மொன்தெல், இனி உங்களுக்கெல்லாம் நான் இருக்கிறேன் என்று குடும்பத்துக்குத் தைரியம் சொல்லும் இடம் வந்தது. மில்லுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உள்ளே எதுவும் செத்துப்போகவில்லை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. சந்தோஷத்தை நேராகக் குறிவைத்தால் அது கிடைப்பதில்லை, மனதை வேறொன்றில் வைத்திருப்பவர்களுக்குத்தான் போகிற வழியில் கிடைக்கிறது என்று பின்னாளில் சுயசரிதையில் எழுதினார். பலரும் அந்த முடிவைத்தான் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அவர் அழுத இடம்தான் முக்கியமாகப் படுகிறது. அவ்வளவு தத்துவம் படித்தவர், ஒரு வீட்டுக்கு ஒரு சிறுவன் தேவைப்படுகிற காட்சியில்தான் உடைந்தார்.

இன்னொருவர் பஸ் ஆல்ட்ரின். 1969 ஜூலையில் நிலவில் கால் வைத்த இரண்டாவது மனிதர். திரும்பி வந்த பிறகு மனச்சோர்விலும் குடியிலும் விழுந்தார். மீண்டு வந்து அதை மறைக்காமல் பேசவும் செய்தார். நிலவுக்கே போய் வந்தவருக்கு 'அப்புறம் என்ன?' என்று இருந்திருக்கிறது. பதவி உயர்வுக்குப் பிறகு உங்களுக்கு இருக்கக் கூடாதா?

விடுமுறை மதியத்துக்கு வருவோம். வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்டர் பிராங்க்ல் இதை ஞாயிற்றுக்கிழமையின் பெயராலேயே குறிப்பிட்டார். வார நாட்களின் அவசரம் நின்றவுடன் உள்ளே இருக்கும் வெறுமை கண்ணில் படுகிறது என்பது அவர் விளக்கம். அதாவது வெறுமை அன்று மதியம் புதிதாக வருவதில்லை. அன்றுதான் அதைப் பார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்கிறது.

சரி, என்ன செய்வது? முதலில், வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்துக்குப் போகும் யோசனை ஏதாவது இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மணிக்கு ஒரு வரி: என்ன செய்தேன், அதில் எவ்வளவு சந்தோஷம், 'ஒன்றை உருப்படியாகச் செய்தேன்' என்ற நிறைவு எவ்வளவு. இரண்டுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். என்னிடம் வந்த ஒரு கணக்கு அதிகாரி, தனக்கு எல்லாமே பூஜ்யம்தான் என்று சொல்லிவிட்டுத்தான் நோட்டை வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது ஓர் இடத்தில் எட்டு இருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு வரவு செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லிக்கொடுத்த பத்து நிமிடம் அது. பெரிய கூட்டங்கள், பாராட்டு விழா எல்லாம் இரண்டு, மூன்று.

அந்த எட்டை வாரத்துக்கு ஒரு முறையாவது வரவைக்க முடியுமா என்று பாருங்கள். வேலையை மாற்றாமலே வேலைக்குள் இதைச் செய்யலாம். எமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசி 2001-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே சம்பளம், ஒரே வேலைப் பட்டியல். சிலருக்கு அது தரை துடைக்கும் வேலை. வேறு சிலர் தங்களை நோயாளியைக் குணப்படுத்துகிறவர்களில் ஒருவராகவே நினைத்தார்கள். நினைவில்லாமல் கிடக்கும் நோயாளிகளின் அறைகளில் சுவரில் மாட்டியிருக்கும் படங்களை அவ்வப்போது இடம் மாற்றி வைத்த ஒரு பணியாளரைப் பற்றி ரெஸ்னெஸ்கி சொல்லியிருக்கிறார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையைச் சம்பள உயர்வு தராமல் இருக்க ஒரு சாக்காக மேலதிகாரிகள் சொன்னால் நம்பாதீர்கள்.

மனைவியிடம் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. சொல்லும்போது "உன்னாலோ பிள்ளைகளாலோ இல்லை" என்று ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் அவர் தன்னிடம் என்ன குறை என்று தேட ஆரம்பித்துவிடுவார்.

கேள்வி: வாழ்க்கையின் நோக்கம் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்.

பதில்: ஒரே வரியில் சொல்கிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள். 'வாழ்க்கை' என்று மொத்தமாகக் கேட்காமல் 'வருகிற வியாழக்கிழமை' என்று கேட்டிருந்தால் எனக்கும் ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கும்.

கேள்வி: ஓய்வுபெற்று ஒரு வருடம் ஆகிறது. முதல் மாதம் சொர்க்கம். இப்போது காலையில் பேப்பர் படித்து முடித்தால் அடுத்து என்ன என்று தெரியவில்லை. நாள் முழுக்க நேரம் இருக்கிறது, ஆனால் ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்ப இரண்டு வாரம் ஆகிறது. ஓய்வில் படிக்கலாம் என்று வாங்கி வைத்த புத்தகங்களைத் தொடவே இல்லை. வேலையில் இருந்தபோது பேருந்தில் நின்றுகொண்டே படித்தவன் நான். என் மனைவி மட்டும் முன்போலவே சுறுசுறுப்பாக இருக்கிறாள். எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மரியென்தால் ஞாபகம் வந்தது. ஆஸ்திரியாவில் உள்ள சின்ன ஊர். ஊரே ஒரு நெசவு ஆலையை நம்பி இருந்தது. 1930 வாக்கில் அது மூடப்பட்டது. வேலை போன மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் முதலிய ஆய்வாளர்கள் அங்கே போனார்கள். 1933-இல் அறிக்கை வெளிவந்தது.

ஆய்வாளர்கள் எதிர்பார்த்தது ஒன்று, கண்டது வேறு. வேலை இல்லை, நேரம் ஏராளம், ஆகவே ஜனங்கள் நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. இன்னொரு வேலையும் செய்தார்கள். ஜன்னல் ஓரம் மறைவாக உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை முறை நிற்கிறார்கள் என்று குறித்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாகப் போனார்கள். அவர்களுக்கும் ஆலை வேலை போயிருந்தது. ஆனால் வீட்டில் அடுப்பு, துணி, குழந்தைகள் எல்லாம் நேரத்துக்கு நேரம் காத்திருந்தன. ஒரு நாளில் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னால் ஆண்களுக்கு நிரப்பவே ஒன்றும் வரவில்லை. நீங்களும் உங்கள் மனைவியும் அந்தத் தெருவில் நடந்துகொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

யஹோடா பிற்காலத்தில் இதை விரிவாக எழுதினார். வேலை என்பது சம்பளத்தோடு வேறு சிலவற்றையும் நம் கையில் திணித்துவிடுகிறது: நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலர் சேர்ந்து செய்யும் ஒரு காரியத்தில் பங்கு, 'நான் இன்னார்' என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம், கைக்கு வேலை. சம்பளத்துக்குப் பதிலாக உங்களுக்கு ஓய்வூதியமோ சேமிப்போ வருகிறது. மற்றவற்றுக்குப் பதில் எதுவும் தானாக வரவில்லை. புத்தகத்தை நீங்கள் தொடாததற்குச் சோம்பல் காரணம் இல்லை. எல்லா நேரமும் ஒரே மாதிரி இருக்கும்போது எதையும் இப்போதே தொடங்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. பேருந்தில் படித்தீர்கள், ஏனென்றால் இறங்கும் இடம் வந்துவிடும்.

முன்பு சொன்ன பிராங்க்ல் இதே காலத்தில், பொருளாதார நெருக்கடியில் வேலையில்லாமல் மனம் சோர்ந்த இளைஞர்களை வியன்னாவில் பார்த்தார். அவர்களுக்கு வேலை வாங்கித் தர அவரால் முடியாது. இளைஞர் அமைப்புகள், நூலகங்கள், முதியோர் கல்வி என்று எங்காவது சம்பளமில்லாமல் போய் உதவச் சொன்னார். போனவர்களுக்கு மனச்சோர்வு விலகியது. பசி அப்படியேதான் இருந்தது என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

அதனால் உங்களுக்குப் பொழுதுபோக்கு எதையும் நான் சிபாரிசு செய்யப் போவதில்லை. பொழுதுபோக்கை எந்த நாளும் ரத்து செய்துவிடலாம், கேட்க ஆள் இல்லை. நீங்கள் வராவிட்டால் இன்னொருவருக்குச் சிரமம் என்கிற மாதிரி ஒன்று வேண்டும். நேரம் குறித்ததாக, வீட்டுக்கு வெளியே. எனக்குத் தெரிந்த ஒருவர் பார்வை போன ஒரு முதியவருக்கு வாரத்தில் மூன்று நாள், மாலை நான்கு மணிக்கு, பேப்பர் படித்துக் காட்டப் போகிறார். நாலே கால் ஆனால் அங்கிருந்து போன் வந்துவிடும். அந்த போனுக்காகவே போகிறேன் என்று அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொள்ள ஒன்று கிடைத்ததில் அவருக்குள்ள சந்தோஷம் எனக்குத் தெரியும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. வீட்டில் மனைவியின் வேலைகளை மேற்பார்வை பார்க்கும் பதவி காலியாக இல்லை.

கேள்வி: தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஊக்கமூட்டும் வீடியோக்கள் பார்க்கிறேன். பார்க்கும்போது எதையும் சாதிக்கலாம் என்று இருக்கிறது. மதியத்துக்குள் வடிந்துவிடுகிறது. வேறு யாருடைய வீடியோவைப் பார்க்கலாம்?

பதில்: யாருடையதும் வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தை என்னிடம் கொடுங்கள். பாதி நேரம் தூங்குங்கள், மீதியில் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிற ஒரு வேலையின் முதல் பத்து நிமிடத்தைச் செய்யுங்கள். ஊக்கம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் அது செய்ய ஆரம்பித்த பிறகுதான் வரும், அதுவும் தாமதமாக.

கேள்வி: எனக்கு 21 வயது. படிப்பு முடியப் போகிறது. கூடப் படிக்கிற எல்லோருக்கும் ஒரு 'பேஷன்', அதாவது தீராத ஆர்வம், இருக்கிறது. எனக்கு இசை கொஞ்சம், கோடிங் கொஞ்சம், வரைவது கொஞ்சம். எதையும் மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்ததில்லை. என்னுடைய உண்மையான ஆர்வம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தம்பி, அப்படி ஒன்று உங்களுக்குள் ஏற்கெனவே முழுசாக உட்கார்ந்திருக்கிறது, கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் பால் ஓ'கீஃப், கரோல் டுவெக், கிரகரி வால்டன் என்ற மூன்று உளவியலாளர்கள் 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சோதித்தார்கள். மாணவர்களுக்குக் கருந்துளை பற்றி ஓர் எளிய, சுவையான வீடியோவைக் காட்டினார்கள். நன்றாகவே ஈர்த்தது. அப்புறம் அதே விஷயத்தைப் பற்றி ஒரு கடினமான அறிவியல் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது பிறவியிலேயே முடிவாகிவிட்ட ஒன்று என்று நம்பியவர்களுக்கு உற்சாகம் அதிகமாக இறங்கியது. 'கஷ்டமாக இருக்கிறதே, அப்போது இது என்னுடையது இல்லை போலிருக்கிறது' என்று விட்டுவிட்டார்கள். ஆர்வம் வளரக்கூடியது என்று நினைத்தவர்கள் அவ்வளவு சோர்ந்துபோகவில்லை.

உங்கள் மூன்று மாதக் கணக்கு எனக்கு இங்கேதான் இடிக்கிறது. எந்தக் கலையிலும் வீடியோ முடிந்து கட்டுரை ஆரம்பிக்கும் நேரம் கிட்டத்தட்ட அதுதான். விரல் வலிக்கும், புரோகிராம் ஓடாது, வரைந்த முகம் கோணலாக இருக்கும். நீங்கள் ஒவ்வொன்றிலும் அந்த வாசல் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறீர்கள். அதனால் எது உங்களுடையது என்று உங்களுக்கு மட்டுமில்லை, யாருக்குமே தெரிய வாய்ப்பில்லை.

சார்லஸ் டார்வினை மருத்துவம் படிக்க அனுப்பினார்கள். மயக்க மருந்து இல்லாத காலத்து அறுவை சிகிச்சையைப் பார்க்கச் சகிக்காமல் ஓடி வந்தார். பாதிரியார் ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அங்கே வண்டு பிடித்துக்கொண்டு திரிந்தார். ஒரு முறை இரண்டு கையிலும் ஒவ்வொரு அபூர்வ வண்டு இருக்கும்போது மூன்றாவது கண்ணில் பட, கையில் இருந்த ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாராம். அது நாக்கைச் சுட, துப்பியதில் அதுவும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. அப்பாவுக்கு இதெல்லாம் வெட்டிவேலை. குடும்பத்துக்கே அவமானம் ஆகப்போகிறாய் என்று திட்டியிருக்கிறார். 1831-இல், 22 வயதில் பீகிள் கப்பலில் ஏறும்போதுகூட ஊருக்குத் திரும்பிப் பாதிரியார் ஆவதாகத்தான் உத்தேசம். அவர் நோக்கத்தைத் தேடிப் போகவில்லை, வண்டைத் தேடிப் போனார்.

மூன்றில் ஏதாவது ஒன்றை எடுங்கள். 'சரியானது' எது என்று யோசிக்க வேண்டாம், கூடச் செய்ய ஆள் கிடைக்கிற ஒன்றாக இருந்தால் போதும். ஒரு வருடம். அதற்கு முன் 'இது என் பேஷனா?' என்று கேட்கவே கூடாது. சாப்பாட்டுக்கு ஒரு வேலை தேடிக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று இரண்டாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

கேள்வி: அம்மா, எனக்கு 46 வயது. படுத்த படுக்கையாக இருந்த என் தாயை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டேன். அதற்காக வேலையை விட்டேன். ஏழு மாதத்துக்கு முன் அவர் போய்விட்டார். இன்றும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் அது. எழுந்து உட்கார்ந்தால் செய்ய எதுவும் இல்லை. சொந்தக்காரர்கள் "இனியாவது உனக்காக வாழ்" என்கிறார்கள். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றே தெரியவில்லை. இன்னொன்று, எழுதவே கூசுகிறது. அவர் போன அன்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

பதில்: கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களில் எத்தனையோ பேர் அந்த நிம்மதியை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எல்லோருமே கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். அவர் படும் வேதனை முடிந்ததில் நிம்மதி, உங்கள் முதுகுக்கும் தூக்கத்துக்கும் நிம்மதி. அன்பு குறைவாக இருந்ததற்கு அது அடையாளம் அல்ல. குறைவாக இருந்திருந்தால் ஒன்பது வருடம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்க மாட்டீர்கள்.

உங்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு போயிருக்கின்றன. தாய் போனதற்கு எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். மருந்து நேரம், படுக்கைப்புண் வராமல் புரட்டுவது, மருத்துவரிடம் சொல்லக் குறித்து வைப்பது என்று ஒரு முழுநேர வேலையும் அன்றே போனது. அதற்கு யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. ஆனால் உங்கள் உடம்பு அதைத்தான் இரண்டு மணிக்குத் தேடுகிறது.

இப்போதைக்கு நோக்கம், குறிக்கோள் எதையும் தேட வேண்டாம். தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். விழிப்பு வந்து, தூக்கம் திரும்பாது என்று தெரிந்தால் படுக்கையில் புரளாதீர்கள். எழுந்து வேறோர் இடத்தில், மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து சாதாரணமாக எதையாவது படியுங்கள். கண் சொருகும்போது திரும்பிப் போங்கள். ராத்திரி எவ்வளவு மோசமாகப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள், பகலில் தூங்கி ஈடுகட்ட வேண்டாம். சில வாரங்கள் பிடிக்கும்.

'உனக்காக வாழ்' என்பது உங்களுக்கு இப்போது மிகப் பெரிய கட்டளை. ஒன்பது வருடமாக 'எனக்கு என்ன வேண்டும்' என்ற கேள்விக்கே இடமில்லாமல் இருந்துவிட்டு, ஒரே நாளில் பட்டியல் போடு என்றால் எப்படி? சின்னதாகத் தேர்ந்தெடுக்கப் பழகுங்கள். இன்று எந்தப் பக்கமாக நடக்கப் போகலாம், எந்தப் பாட்டு கேட்கலாம், யாருக்கு போன் செய்யலாம். அந்த ஒன்பது வருடத்தில் தொடர்பு விட்டுப்போன ஒரு தோழி நிச்சயம் இருப்பார். அவரிலிருந்து ஆரம்பிக்கலாம்.

உங்களுக்குத் தெரிந்தவை நிறைய. முதுகு பிடிக்காமல் ஒருவரைத் தூக்குவது, முரண்டு பிடிப்பவரைச் சாப்பிட வைப்பது, வலிக்கிறது என்று சொல்லாதவரின் முகத்தில் வலியைக் கண்டுபிடிப்பது. இன்று புதிதாக இந்த வேலையில் மாட்டிக்கொண்டு விழிக்கிற எத்தனையோ மகள்களுக்கும் மகன்களுக்கும் அது தேவைப்படும். என்றாவது தோன்றினால் யோசியுங்கள். இன்னொரு முறை நோயாளி அறைக்குள் நுழையவே பிடிக்கவில்லை என்றாலும் அது நியாயம்தான்.

ஏழு மாதம் என்பது துக்கத்துக்கு அதிகமான காலம் இல்லை. ஆனால் இன்னும் சில மாதம் கழித்தும் நாளின் பெரும்பகுதி அவரை நினைத்தே நின்றுபோனால், சாப்பாடும் வெளியே போவதும் குறைந்துகொண்டே வந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். நீடித்த துக்கத்துக்கென்று தனியாகவே சிகிச்சை இருக்கிறது.

கேள்வி: 29 வயது. ஒரு மாதமாக எதிலும் ஆர்வம் இல்லை. பிடித்த விளையாட்டைக்கூடப் பார்க்கத் தோன்றவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வருகிறது. குளிப்பதுகூடப் பெரிய வேலையாக இருக்கிறது. வாழ்க்கைக்கு அர்த்தம் இல்லாததால்தான் இப்படியா? சில நாள் தூங்கி எழாமலே இருந்துவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது.

பதில்: நீங்கள் அர்த்தத்தைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டம் இல்லாமல், தூக்கம் கெட்டு, உடம்பு அசைய மறுத்தால் மருத்துவர்கள் மனச்சோர்வு நோயைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலோ, ரத்தசோகை, பி12 குறைபாடு இருந்தாலோ இதுபோன்ற சோர்வு வரலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இந்த நோயின் குணமே, 'எதற்கும் அர்த்தமில்லை' என்பதை உங்களுடைய சொந்தக் கருத்துபோல உங்களையே நம்ப வைப்பதுதான். நோய் தணிந்த பிறகு அதே வாழ்க்கையைப் பார்த்து, "அப்படியா நினைத்தேன்?" என்று கேட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை கொடுத்தால் சில வாரங்கள் கழித்துத்தான் வேலை செய்யும், மூன்றாம் நாள் நிறுத்திவிடாதீர்கள். பேச்சு சிகிச்சையும் உண்டு. அதில் ஒரு வகை மிக எளிமையானது. பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் 1970-களில் இதற்கு வழிபோட்டார். மனசு சரியில்லை என்று ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறோம், விட விட மனசு இன்னும் இறங்குகிறது. அதனால் மனநிலைக்குக் காத்திருக்காமல் சின்னச் சின்னச் செயல்களை நேரம் குறித்துத் திரும்பக் கொண்டுவருவது. நீல் ஜேக்கப்சன் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பகுதி மட்டுமே, எண்ணங்களை மாற்றுவதையும் சேர்த்துச் செய்யும் முழு சிகிச்சைக்குச் சமமாகப் பலன் தந்தது. உங்கள் அளவுக்கு அது முகம் கழுவி ஐந்து நிமிடம் வாசலில் நிற்பதாக இருந்தால்கூடப் போதும்.

எழாமலே இருந்தால் நல்லது என்று எழுதினீர்களே, அதை இன்றே கூட இருப்பவர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். அந்த எண்ணம் வலுத்தால் தனியாக இருக்காதீர்கள். உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அங்கே போக உடம்பில் காயம் இருந்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை.

கேள்வி: என் கணவர் ஆறு மாதமாக "எதற்கு வாழ்கிறோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் எவ்வளவோ நல்ல விஷயங்களை எடுத்துச் சொல்லிவிட்டேன். பலன் இல்லை. என்ன பேசுவது?

பதில்: பேச்சைக் குறைக்கலாம். அவர் கேட்பது விவாதத்துக்காக இல்லை. நீங்கள் ஒரு நல்லதைச் சொன்னால் அவர் இரண்டு கெட்டதைச் சொல்லித் தன் பக்கத்தை இன்னும் கெட்டிப்படுத்திக்கொள்வார். "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது? ராத்திரி தூங்குகிறீர்களா?" என்று கேளுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்குக் கேட்டதே பெரிய ஆறுதலாக இருக்கும். ஆம் என்றால் அவரைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இல்லை என்றால், வெளியே போங்கள் என்று அனுப்பாமல் "நான் நடக்கப் போகிறேன், கூட வாருங்கள்" என்று கூப்பிடுங்கள். மறுத்தால் சண்டை வேண்டாம், நாளைக்கும் அதே நேரத்தில் கூப்பிடுங்கள். வீட்டில் அவர் மட்டுமே செய்துகொண்டிருந்த ஏதாவது ஒரு வேலையை, பாவம் என்று நீங்கள் எடுத்துச் செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் தாமதமாகச் செய்தாலும், உங்களைவிட மோசமாகச் செய்தாலும், நடுவில் போய்க் கை வைக்காதீர்கள்.